தூண்டுதலின் பேரில்

மகன்,

இதை நீ வாசித்து முடிக்க மூன்று ரயில் பயணமாவது ஆகும். காலையில் ஆக்லாந்து நகரத்திலிருந்து பாபகூரா போகும்போது கொஞ்சம், பள்ளிக்கூடம் விட்டுத் திரும்பும்போது கொஞ்சம் என்று வாசி. வியாழன் மாலைக்குள் முடித்தால் போதும். ஏன் வியாழன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். புரியாத சொல் வந்தால் கயலிடம் கேள். ஆனால் முழுவதையும் அவளிடம் கொடுத்து, வாசித்துவிட்டுக் கருத்தை மட்டும் சொல் என்று கேட்காதே. நடுவில் ஓர் ஆளை வைத்துக் கதைத்ததால் வந்த வினைதான் இவ்வளவும். அந்த நடு ஆள் நான்.

இது உனக்கு மட்டும் எழுதும் கடிதமல்ல. நமது தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரில், மலராசிரியராக நான் வழக்கமாக நன்றியும் வணக்கமும் எழுதி நிரப்பும் பக்கங்களில், இதையே அச்சிடுகிறேன். பதினாறு நாட்களாக நீ என்னோடு கதைக்கவில்லை. வீட்டுக்குள் தீர்க்க வேண்டிய விடயத்தை ஏன் ஊருக்குக் காட்டுகிறீர்கள் என்று நீ கேட்கலாம். நான் செய்தது நாலு பேர் முன்னால் ஒப்புக்கொண்டு செய்த காரியம். திருத்துவதும் அவர்கள் முன்னால்தான் நடக்க வேண்டும். பிழையான செய்தியை முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டுவிட்டு, திருத்தத்தை ஏழாம் பக்கத்தின் அடியில் எறும்பளவு எழுத்தில் போடுவது எங்கள் பத்திரிகைத் தொழிலின் பழைய கள்ளத்தனம். நானும் அதைச் செய்திருக்கிறேன். இம்முறை செய்யமாட்டேன்.

மலரை வாசிக்கும் மற்றவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நீ பாபகூராவில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் வரலாறு படிப்பிக்கிறாய். ஆண்டு விழாவில் இங்கே வளர்ந்த பிள்ளை ஒருவர் இருபது நிமிடம் பேச வேண்டும் என்று சங்கம் கேட்டது, நீ ஒப்புக்கொண்டாய். தலைப்பை நீயே தெரிவு செய்தாய். 1859ஆம் ஆண்டு, அமெரிக்காவில் அடிமை முறை சட்டமாக இருந்த காலத்தில், ஒரு வெள்ளைக்கார முதியவரும் அவரோடு இருபத்தொரு பேரும் வர்ஜீனியாவில் அரசாங்கத்தின் ஆயுதக் கிடங்கைக் கைப்பற்றினார்கள். அந்த ஆயுதங்களை அடிமைகளிடம் கொடுத்து மலைகளுக்குள் ஏறுவது திட்டம். இரண்டு நாட்களுக்குள் எல்லாம் நசுக்கப்பட்டது. முதியவரைத் தூக்கில் போட்டார்கள். ஒன்றரை வருடத்தில் அந்த நாடு முழுவதும் போருக்குள் இறங்கியது. இவ்வளவும் எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கும். உன் கேள்வி வேறு. அவர்களை அந்தக் கிடங்கின் வாசல் வரைக்கும் கொண்டுவந்தது எது என்று நீ கேட்டாய். ஒன்பது பக்கம் ஆங்கிலத்தில் எழுதினாய். விழாவில் தமிழில்தான் பேசுவேன் என்று பிடிவாதம் பிடித்தாய். அதை மொழிபெயர்த்து, நீ தடக்காமல் வாசிக்க ஆங்கில எழுத்திலும் எழுதித் தரும் வேலையை என்னிடம் ஒப்படைத்தாய். (பெயர்களை நான் இங்கே எழுதவில்லை. அவை உன் உரையில் இருக்கின்றன. அங்கே உன் வாயால் வரட்டும்.)

உன் ஒன்பது பக்கத்தை முதல் முறை வாசித்தபோது நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. அந்த முதியவரின் கதையை எல்லாரும் பைபிளில் தொடங்கி அவருடைய மூளைக்கோளாறில் முடிப்பார்கள் என்று நீ எழுதியிருந்தாய். பைபிளை நீ தள்ளவில்லை. ஆனால் அதோடு நிற்கவுமில்லை. ஹெயிட்டித் தீவின் அடிமைகள் தாங்களாகவே எழுந்து, பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்து, தங்களுக்கென்று ஒரு நாட்டை அமைத்ததை அவர் தேடித் தேடிப் படித்தார் என்று எழுதியிருந்தாய். ஜமெய்க்காவின் மலைகளுக்குள் தப்பியோடியவர்கள் தலைமுறைகளாக நின்று பிடித்ததையும், அதே வர்ஜீனியாவில் இருபத்தெட்டு வருடங்களுக்கு முன் ஓர் அடிமைப் பிரசங்கியார் நடத்திய எழுச்சியையும் எழுதியிருந்தாய். பழைய உடுப்பு விற்ற ஒரு கறுப்பின மனிதர் எழுதிய சிறு நூல், மாலுமிகளின் உடுப்புத் தையல்களுக்குள் மறைந்து தெற்கே போன விதத்தைச் சொல்லியிருந்தாய். தாக்குதலுக்கு முந்திய வருடம் கனடாவில் ஒரு சிறிய ஊரில் கூட்டம் நடந்தது. வந்தவர்களில் பெரும்பாலானோர் கறுப்பினத்தவர்கள், பலர் தப்பி வந்தவர்கள். வெளியில் கேட்டவர்களுக்கு வேறேதோ கூட்டம் என்று சொல்லிவிட்டு உள்ளே இருந்து, தாங்கள் அமைக்கப்போகும் விடுதலைப் பிரதேசத்துக்கு ஓர் அரசியல் யாப்பை வாசித்து ஏற்றுக்கொண்டார்கள். அந்த இருபத்தொரு பேரில் ஐந்து பேர் கறுப்பினத்தவர்கள். அவர்களில் ஒருவருடைய மனைவியும் பிள்ளைகளும் அப்போதும் வேறொருவனின் உடைமை. அவர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு அவரிடம் மனைவியின் கடிதங்கள் கிடைத்தன. கெதியில் வந்து மீட்டுக்கொள்ளுங்கள், இவர்கள் என்னை விற்றுவிடக்கூடும் என்பதுதான் அவற்றின் சாரம். அவரை அங்கே கொண்டுவந்தது எது என்று கேட்டால் அந்தக் கடிதங்களைக் காட்டலாம் என்று நீ எழுதியிருந்தாய். அதற்கு மேல் ஒரு விளக்கமும் வைக்கவில்லை. நல்ல நிருபன் அங்கேதான் பேனையைக் கீழே வைப்பான்.

பிறகு அந்தக் கடைசிப் பக்கம். காயத்தோடு தரையில் கிடந்த முதியவரைச் சுற்றி ஆளுநரும் அரசியல்வாதிகளும் நிருபர்களும் நின்று மணிக்கணக்காகக் கேள்வி கேட்டார்கள். அவர்களுக்கு முக்கியமாகத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றுதான்: உன்னை யார் அனுப்பியது? யாரும் அனுப்பவில்லை என்றார் அவர். அவர்கள் நம்பவில்லை. அவருக்குப் பணம் கொடுத்த வடக்கத்திக் கனவான்கள் இருந்தார்கள், அதை நீயும் மறைக்கவில்லை. ஆனால் அடிமை வைத்திருந்தவர்களுக்கு அந்தக் கனவான்கள் எவ்வளவு தேவைப்பட்டார்கள் என்பதை நீ காட்டினாய். நாங்கள் வைத்திருக்கும் மனிதர்கள் நிம்மதியாகத்தான் இருக்கிறார்கள், வெளியார் வந்து கெடுக்கிறார்கள் என்று சொன்னால்தான் அன்றிரவு அவர்களுக்குத் தூக்கம் வரும்.

இதைத்தான் நான் வெட்டினேன்.

எப்படி என்று ஒழுங்காகச் சொல்கிறேன். ஒரு ஞாயிறு பின்னேரம், பிளாக்ஹவுஸ் பே பகுதியில் செயலாளர் வீட்டில் விழாக் குழுக் கூட்டம். மேசையில் ரோல்ஸும் தேநீரும். உன் ஆங்கிலப் பிரதியைக் கொண்டுபோய் வைத்தேன், மகன் எழுதியது என்ற பெருமையோடுதான். தலைவர் யாழ்ப்பாணத்து மனிதர், கட்டட வேலை எடுத்துச் செய்கிறவர், ஆருக்கும் அவசரமென்றால் தன் வான் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடி வருகிறவர். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அண்ணை, எழுத்து நல்ல எழுத்து. ஆனா இது ஆண்டு விழா. டான்சுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில துவக்கெடுத்த கதை வேணுமோ?"

"நூற்றறுபது வருசத்துக்கு முந்தின துவக்கு," என்றேன்.

"எங்கட சனத்துக்கு எல்லாத் துவக்கும் நேற்றையான் துவக்குத்தான் அண்ணை."

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. செயலாளர் கோயம்புத்தூர்ப் பெண், கணினித் துறையில் வேலை, எதையும் யோசித்துத்தான் சொல்வாள். "சார், அடிமை முறை தப்புன்னு தம்பி சொல்லட்டும், யாருக்கும் பிரச்னை இல்ல. ஏன் ஆயுதம் எடுத்தாங்க, எதைப் படிச்சாங்க, எப்படி யோசிச்சாங்கன்னு விலாவாரியா சொன்னா நியாயப்படுத்துற மாதிரி ஆயிடுமே? ஹால்ல ஸ்டூடண்ட் விசால இருக்கிற பசங்க நிறைய. எவனாவது வீடியோ எடுத்துப் போட்டுட்டா?"

"பெடியனுக்குப் பின்னால ஆர் நிக்கிறது எண்டு கேப்பாங்கள்," என்றார் தலைவர். பிறகு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "நீங்களோ அண்ணை? பழைய நிருபர் மகன்ர வாயால கதைக்கிறாரோ?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்துக்கொண்டு, "நான் பாத்துச் செய்யிறன்," என்றேன். அந்தச் சிரிப்புக்காகத்தான் முதலில் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். வெட்டியது அதற்குப் பிறகு வந்தது.

வெட்டுவது எனக்குக் கைவந்த வேலை. ஹெயிட்டி போயிற்று. மாலுமிகளின் உடுப்புப் போயிற்று. கனடாக் கூட்டம் போயிற்று. அந்த மனைவியின் கடிதத்தைக் கடைசியாகத்தான் வெட்டினேன், அதுவும் மனமில்லாமல், ஆனால் வெட்டினேன். கேள்வி கேட்ட பக்கம் முழுவதும் போன பிறகு ஒரு ஓட்டை விழுந்தது. அவர்கள் ஏன் அங்கே போனார்கள் என்பதற்கு ஏதாவது ஒரு வரி வேண்டுமல்லவா? நான் எழுதிய வரி இது: "வட மாநிலங்களைச் சேர்ந்த சில தீவிரப் போக்கினரின் தூண்டுதலின் பேரில் இம்முயற்சி மேற்கொள்ளப்பட்டது." வசனத்தில் ஒரு பிழையும் இல்லை. கை தானாக எழுதியது. முப்பது வருடம் பழகிய கை.

கண்டுபிடித்தவள் கயல், நீ கட்டப்போகிற பெண். திருமணத்துக்கு இன்னும் ஆறு கிழமை இருக்க, சனிக்கிழமை நீங்கள் இருவரும் வந்தீர்கள். அவள் கையில் இரண்டு கட்டுத் தாள்கள், உன் ஆங்கிலமும் என் தமிழும். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பழகியவள் அல்லவா, அப்படித்தான் அவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தாள்.

"மாமா, இங்கிலீஷ்ல ஒன்பது பக்கம். தமிழ்ல நாலுதான் வருது. தமிழ்ல சொன்னா நீளும்னுதானே சொல்வாங்க?"

நான் எழுத்தின் அளவு, பக்க அமைப்பு என்று எதையோ சொன்னேன்.

"அந்தப் பொண்டாட்டி எழுதின லெட்டர் எங்க மாமா? இவரோட இங்கிலீஷ்ல அதைப் படிச்சிட்டு நான் அழுதேன். இங்க அது இல்லவே இல்லையே."

நீ கதவடியில் கார்ச் சாவியோடு நின்றாய். முதலில் ஆங்கிலத்தில்தான் தொடங்கினாய். நானும் விளக்கத் தொடங்கினேன்: சபை எப்படிப்பட்டது, எங்கள் சனம் பட்ட பாடு என்ன, இருபது நிமிடத்தில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது. நீ கையை உயர்த்தி நிறுத்தினாய். "என்ர வாயில நீங்கள் வேற ஆளின்ர கதையை வைக்கப் பாத்தீங்கள். எனக்கு வடிவா வாசிக்கத் தெரியாது எண்டு தெரிஞ்சு செய்தீங்கள்," என்றாய். உன் வாயிலிருந்து பிழையில்லாமல் வந்த மிக நீண்ட தமிழ் அது. பெருமைப்பட எனக்கு நேரம் கிடைக்கவில்லை. நீ போய்விட்டாய். கயல் என்னைப் பார்த்து, "நான் சொல்லாம இருந்திருக்கணுமா மாமா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லவும் எனக்கு அப்போது மனம் வரவில்லை. இப்போது சொல்கிறேன் பிள்ளை, நீ சொன்னது சரி. மகன், உன் அம்மா அன்று விளக்குப் போடும் நேரத்தில், "இவ்வளவு காலமும் ஊராற்ற பிள்ளையளின்ர எழுத்தை வெட்டினீங்கள். கடைசியா வீட்டுக்கையும் வந்திட்டீங்கள்," என்றா.

ஊராரின் எழுத்தை மட்டுமல்ல. உனக்கு நான் ஒருபோதும் சொல்லாத ஒன்றை இப்போது சொல்ல வேண்டும். நீ பிறப்பதற்கு முன், மன்னாரில் நான் நிருபராக இருந்தபோது, ஒரு கடற்கரைக் கிராமத்தில் தோணிகள் இழுத்து வைக்கும் இடத்தை அதிகாரிகள் கம்பி வேலி போட்டு அடைத்தார்கள். கிராமத்தின் பெயரைச் சொல்லமாட்டேன், இன்றைக்கும் சிலருக்குக் கரைச்சல் வரலாம். ஆண்கள் கடலுக்குப் போயிருந்த ஒரு காலையில் பெண்கள் வந்து வேலிக் கட்டைகளைப் பிடுங்கி, அடுக்கி, தெருவோரத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு கல்லும் எறியவில்லை. நான் போய்ப் பார்த்தேன். விறகு அடுக்குவது போல ஒழுங்காக அடுக்கியிருந்தார்கள். அதிகாரியிடம் கேட்டபோது, இந்தச் சனத்துக்கு இதெல்லாம் தெரியாது, வெளியிலிருந்து ஆரோ ஏற்றிவிட்டிருக்கிறார்கள் என்றார். நான் அதையே எழுதினேன். "வெளியார் சிலரின் தூண்டுதலின் பேரில் கிராமப் பெண்கள் வேலியை அகற்றினர்." அதிகாரி சொன்னதாகக்கூட எழுதவில்லை, என் சொந்த வாக்கியமாக எழுதினேன். பயத்தில் மட்டும் எழுதினேன் என்றால் அது பொய். அந்தப் பெண்களைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். தாங்களாகச் செய்தார்கள் என்றால் பிடித்துக்கொண்டு போவார்கள், பிறர் சொல்லிச் செய்தார்கள் என்றால் அப்பாவிகள் என்று விட்டுவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன்.

பெண்களை விட்டுவிட்டார்கள்தான். ஆனால் வெளியார் என்று எழுதினால் வெளியார் ஒருவர் வேண்டும். அந்தக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த ஒரே வெளியூர்க்காரர் அமலன் மாஸ்டர். இருபத்தாறு வயது. வேலி போட்ட பிறகு பெண்கள் சொல்லச் சொல்ல ஒரு மனுவை எழுதிக் கொடுத்திருந்தார், அவ்வளவுதான் அவருடைய பங்கு. என் செய்தி வந்த மூன்றாம் நாள் அவரைக் கொண்டுபோனார்கள். உனக்குப் பின்னால் யார் என்றுதான் அவரிடமும் கேட்டிருக்கிறார்கள். ஒரு வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தார். வெளியே வந்த பிறகு அவருக்கு எந்தப் பள்ளிக்கூடமும் வேலை கொடுக்கவில்லை.

அவரைக் கொண்டுபோன கிழமையே றோசலின் என்ற அந்தக் கிராமத்துப் பெண் பஸ் பிடித்து எங்கள் அலுவலகத்துக்கு வந்தா. கையில் பத்திரிகை. அழவில்லை, சத்தம் போடவில்லை. என் மேசைக்கு முன்னால் நின்று சொன்னா: "தம்பி, நாங்கள் பதினொரு பேர் கோயில் விறாந்தையில மூண்டு நாள் இருந்து யோசிச்சனாங்கள். கட்டையைக் கொளுத்துவமோ, பிடுங்குவமோ எண்டு சண்டை பிடிச்சனாங்கள். கொளுத்தினா அவையளுக்கு வாய்ச்சுப் போயிடும், அடுக்கி வைப்பம் எண்டு சொன்னது நான். அதை நீர் ஒரு வரியில ஆரோ ஊர்பேர் இல்லாதவனுக்குத் தூக்கிக் குடுத்திட்டீர். அந்த ஊர்பேர் இல்லாதவனுக்கு இப்ப அமலன் மாஸ்டர் எண்டு பேர் வைச்சுப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள்." நான் திருத்தம் போடுகிறேன் என்றேன். போட்டேன், ஏழாம் பக்கத்தில், அடியில், மூன்று வரி. அது யாரையும் வெளியே கொண்டுவரவில்லை.

இதை நான் உனக்குச் சொல்லாததற்குக் காரணம் வெட்கம். அதைவிடப் பெரிய காரணம், நான் திருந்திவிட்டேன் என்று நம்பியிருந்தேன். அந்த வரியை மறுபடி எழுத மாட்டேன் என்று நம்பியிருந்தேன். ஆக்லாந்தில், தேநீர் ஆறிக்கொண்டிருந்த ஒரு மேசையில், அதிகாரி ஒருவரும் என் தலைக்கு மேல் நிற்காமல், என் சொந்த மகனின் ஒன்பது பக்கத்தின் மேல் அதே வரியை எழுதினேன். அந்த ஐந்து கறுப்பின மனிதர்களும், கனடாவில் இருந்து யோசித்தவர்களும், புருஷனுக்குக் கடிதம் எழுதிய அந்தப் பெண்ணும் யோசித்ததையெல்லாம் தூக்கி "வட மாநிலங்களைச் சேர்ந்த சிலருக்கு" கொடுத்தேன். ஆளுநர் கேட்ட கேள்விக்கு அவருக்குப் பிடித்த பதிலையே, நூற்றறுபது வருடம் கழித்து, தமிழில் எழுதிக் கொடுத்தேன்.

செயலாளர் கேட்ட கேள்வியை நான் ஒதுக்கவில்லை. எப்படி யோசித்தார்கள் என்று சொன்னால் நியாயப்படுத்துவது ஆகாதா என்று அவள் கேட்டாள். ஆகாது என்பது என் பதில். ஒருவரை உருவாக்கியது எது என்று கேட்பது ஒரு கேள்வி. ஒருவரை ஏவியது யார் என்று கேட்பது இன்னொரு கேள்வி. முதலாவதைக் கேட்டால் அந்த ஆள் மனிதராகிறார். அவருடைய சரியையும் பிழையையும் அவரிடமே வைத்து நிறுக்கலாம். இரண்டாவதைக் கேட்டால் அவர் யாரோ எய்த அம்பாகிவிடுகிறார். அம்புக்குச் சரியுமில்லை, பிழையுமில்லை. எங்கள் சனத்தைப் பற்றி உலகம் இரண்டாவதைத்தான் எப்போதும் கேட்டது, நாங்களும் பழகிப்போய் எங்கள் பிள்ளைகளிடம் அதையே கேட்கிறோம். ஆர் உனக்குச் சொல்லித் தந்தது? ஆரோடு சேர்ந்து இப்படி மாறினாய்? நீ வரலாறு படிக்கப்போகிறேன் என்று சொன்ன நாளில் நானும் இதைத்தான் கேட்டேன். நினைவிருக்கும். யார் உன்னைக் கெடுத்தது என்று கேட்டேன். நீ மேலே போய்க் கதவைப் பூட்டினாய்.

திருமணம் வருகிறது, ஒரு தகப்பன் புத்தி சொல்ல வேண்டிய நேரம். எனக்குச் சொல்லத் தகுதியுள்ள புத்தி ஒன்றுதான். கயல் சொல்வதை எங்களுக்கு மென்மையாக்கிச் சொல்லாதே, நாங்கள் சொல்வதை அவளுக்கு மென்மையாக்காதே. போன மாதம் உன் பெரியம்மா கலியாணச் சேலை வெள்ளையாக இருக்க வேண்டும், தேவாலயத்தில் அதுதான் வழக்கம் என்று சொன்னபோது, "எனக்குச் சிவப்புக் கூறைதான் பெரியம்மா, வெள்ளை வேணாம்," என்றாள் கயல். நீ உடனே, "அவ பகிடி விடுறா," என்று சிரித்தாய். அவள் திரும்பி, "நான் ஜோக் அடிக்கலையே," என்றாள். அந்த இடத்தில் உன் முகம் போன போக்கைப் பார்த்தேன். அது என்னுடைய முகம். சபை குழம்பக்கூடாது என்று பிறரின் வாயைத் திருத்துகிற முகம். அன்பினால்தான் செய்கிறோம். அன்பினால்தான் நான் அந்தப் பெண்களை அப்பாவிகளாக்கினேன். பெரியம்மா கோபித்தால் கோபிக்கட்டும், அவவுக்கும் கயலுக்கும் நடுவில் நீ நிற்காதே. அவர்கள் இருவருக்கும் சண்டை பிடிக்கத் தெரியும், பிறகு சேர்ந்து சாப்பிடவும் தெரியும்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். போன வெள்ளிக்கிழமை தலைவருக்கு அழைத்தேன். விழா மேடையில் உன் இருபது நிமிடத்தை இப்போது வினாடி வினாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதைத் திருப்பிக் கேட்கவில்லை. நீ பேச மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாய், உனக்குப் பதிலாக நான் பேரம் பேச மாட்டேன்.

"உரை முழுசா மலரில வருது," என்றேன். "நான் திருப்பி மொழிபெயர்த்திட்டன். ஒரு வரியும் விடேல்ல."

"அண்ணை, மலர் சங்கத்தின்ர."

"ஓம். ஆசிரியர் நான். அடுத்த கூட்டத்தில என்னை எடுத்துப்போட்டு வேற ஆளைப் போடுங்கோ. அதுவரைக்கும் பக்கத்துக்கு நான் பொறுப்பு."

"கரைச்சல் வந்தா?"

"என்ர பேர்தானே போட்டிருக்கு. கேக்கிற ஆக்களை என்னட்டை அனுப்புங்கோ. தேத்தண்ணி குடுத்துக் கதைக்கிறன்."

பிறகு, "உங்களை ஆர் அண்ணை இப்பிடிச் செய்யச் சொன்னது? மகனோ?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இம்முறை வேறு சிரிப்பு. "ஒருத்தரும் சொல்லேல்ல. அவன் என்னோட கதைக்கிறதே இல்லை," என்றேன். அவரும் சிரித்தார். பிறகு நல்ல குரலில், கூட்டத்தில் எதிர்த்துப் பேசுவேன் என்றார். எதிர்த்துப் பேசுங்கள், எழுதித் தந்தால் அதையும் போடுகிறேன், ஒரு முழுப் பக்கம் உங்களுக்கு என்றேன். தருவார் என்றுதான் நினைக்கிறேன். அவர் எழுதுவதில் ஒரு சொல்லையும் தொடமாட்டேன், எழுத்துப் பிழைகளைத் தவிர.

ஆகவே இந்தக் கடிதத்துக்கு அடுத்து உன் உரை தொடங்குகிறது. ஹெயிட்டியிலிருந்து ஆளுநரின் கேள்வி வரை எல்லாம் இருக்கிறது. அந்த மனைவியின் கடிதம் வரும் இடத்தை நாலு முறை எழுதினேன், இன்னும் உன் ஆங்கிலத்துக்குக் கிட்ட வரவில்லை, ஆனால் இருக்கிறது. கயல் ஒவ்வொரு பத்தியாக ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டு இடத்தில் என்னைத் திருத்தினாள். நீ அறியாமல் வந்தாள் என்று அவளோடு சண்டை பிடிக்காதே. நான் கேட்டேன், அவள் வந்தாள்.

ஒரே ஒரு இடத்தில் நீ எழுதியதோடு எனக்கு மனத்தாங்கல். கிடங்கைக் கைப்பற்றிய அந்த வேளையில் அவர்களுடைய துவக்குக்கு முதலில் இரையானவர் ஒரு கறுப்பினத்தவர். அடிமையுமல்ல, சுதந்திர மனிதர். ரயில் நிலையத்தில் பொதிகளைக் கவனிக்கும் வேலை. அவரைச் சுட்டவர்கள் அவருடைய மக்களை விடுவிக்க வந்தவர்கள். இதை நீ மறைக்கவில்லை, ஆறாம் பக்கத்தில் எழுதியிருக்கிறாய், ஒரே ஒரு வரியில். ஒரு வரியில் ஒரு மனிதரை முடிப்பது எப்படியென்று எனக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் கண்ணில் பட்டது. தலைவர் பயப்படும் துவக்கும் இதுதான், நான் வாழ்ந்த ஊர்களில் கண்ட துவக்கும் இதுதான். அவர்கள் செய்தது சரி என்று நீ நம்புகிறாய் என்றால் (நானும் பெரும்பாலும் அப்படித்தான் நம்புகிறேன்), அந்த ரயில் நிலையத்து மனிதரைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல். அவர் அன்று என்ன வேலையில் நின்றார், யார் அவருக்காக வீட்டில் காத்திருந்தார்கள், தேடிப் பார். கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்று எழுது.

அதை நான் எழுத மாட்டேன். உன் உரைக்குள் என் வசனம் ஒன்றும் இனி வராது. உன் உரையில், அந்த ஒரு வரிக்குக் கீழே, பதினைந்து வரிக்கு இடம் விட்டுப் பக்கத்தை அமைத்திருக்கிறேன். தமிழில் எழுது, பிழையாக எழுது, ஆங்கிலத்தில் எழுது, அல்லது வந்து கதவைத் தட்டி எனக்கு முன்னால் சண்டை பிடித்துக்கொண்டு எழுது. வியாழன் மாலை ஆறு மணிக்கு மலர் அச்சகத்துக்குப் போகிறது. நீ எழுதினால் அந்த இடம் நிரம்பும். எழுதாவிட்டால் வெறுமையாகவே அச்சாகும், அதைப் பூ வரைந்தோ விளம்பரம் போட்டோ மூடமாட்டேன். இதை வாசிக்கிறவர்கள் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளட்டும்.

அப்பா